அட்மின் மட்டும் எழுதலாம்

செல்வகுமாரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எந்த வேலையையும் கேட்பதற்கு முன்பே முடித்து வைத்துவிடுவான். மூலக்குளத்தில் வில்லியனூர் சாலை ஓரம் அவன் வைத்திருந்த பிளெக்ஸ் கடை எட்டு வருஷமாக நொடிக்காமல் ஓடியதற்கு அந்தக் குணம்தான் காரணம். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், எதுவானாலும் இவனிடம் சொன்னால் போதும், சொன்ன நேரத்துக்கு முன்னால் சட்டம் அடித்துத் தெருமுனையில் நிறுத்தியிருப்பான்.

கண்ணீர் அஞ்சலி விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. யாராவது ஆஸ்பத்திரியில் மோசமாகக் கிடக்கிறார் என்று காதில் விழுந்தாலே போட்டோவைத் தேடிப் பிடித்துவிடுவான். மாலை, விளக்கு, இரண்டு பக்கமும் புறா எல்லாம் வைத்து, தோற்றம் என்ற இடத்தில் பிறந்த தேதியைப் போட்டு, மறைவு என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு வைப்பான். சாவு வீட்டிலிருந்து போன் வந்த அரைமணி நேரத்தில் பேனர் போய்விடும். செல்வா மாதிரி எவன் வேலை செய்கிறான் என்று அழுகைக்கு நடுவிலும் பாராட்டுவார்கள். எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. பிழைத்து எழுந்து வந்தவர்களின் படத்தை அழித்துவிடுவான். யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவன் கணக்கு.

இந்தக் கைவேகத்தோடு அவனுக்கு இன்னொரு பதவியும் இருந்தது. நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டி, அவன் பிறந்து வளர்ந்த குப்பத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவன்தான் அட்மின். நானூற்றுப் பன்னிரண்டு பேர். காற்று எச்சரிக்கை, டீசல் டோக்கன், பெரிய மார்க்கெட்டில் அன்றைக்கு வஞ்சிரம் என்ன விலை, எல்லாம் அதில்தான். கடலுக்குப் போகாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவன் என்று அவனைக் கிண்டல் செய்கிறவர்களும் காலையில் கண் விழித்தால் அந்தக் குழுவைத்தான் திறந்தார்கள். ஆனால் குழு என்றால் எல்லாம்தானே வரும். ரோஜாப்பூவோடு காலை வணக்கம், கிட்னியைக் கரைக்கும் மூலிகை, இரண்டு தெருக்காரர்களின் திருவிழாச் சண்டை. படித்துப் படித்து அவனுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

போன மாதம் நடந்தது தலைவலியோடு போகவில்லை. யாரோ எங்கேயோ பேசிய ஒரு ஆடியோ குழுவுக்குள் வந்தது. கடல் உள்வாங்கிவிட்டது, ஊரை விட்டு ஓடுங்கள் என்று ஒரு குரல் பதறியது. பட்டப்பகலில் குப்பமே எழுந்து ஓடியது. சுனாமியைப் பார்த்த ஜனங்கள், அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஓடிய கூட்டத்தில் விழுந்து அஞ்சலாட்சிக் கிழவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அந்த ஆடியோவைக் குழுவில் போட்டவர் வேறு யாருமில்லை, செல்வகுமாரின் அக்கா கமலாவின் வீட்டுக்காரர் ராமதாஸ். ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. இனிமேல் அட்மின் மட்டும்தான் எழுத வேண்டும், மற்றவர்கள் படித்தால் போதும், எதையாவது போட வேண்டுமானால் அட்மினிடம் சொல்லட்டும், அவன் விசாரித்துப் போடுவான் என்று செல்வகுமார் பேசினான். பாதிப்பேர் தலையாட்டினார்கள். எதிர்த்து எழுந்தவர் ராமதாஸ் ஒருவர்தான். தப்புச் செய்தவரே எழுந்து நின்றதைப் பார்த்துப் பின்னால் சிரித்தார்கள்.

"நான் போட்டது தப்புதான், ஒத்துக்கறேன்," என்றார் ராமதாஸ். "ஆனா அது தப்புன்னு நமக்கு யாரு சொன்னா? அதே குரூப்புல நம்ம அம்மாவாசைதான் நடுக்கடல்ல போட்டுல இருந்துக்கினு, கடல் இருக்கற எடத்துலதான்டா இருக்குதுன்னு போட்டான். இல்லன்னா மூலக்குளம் வரைக்கும் ஓடியிருப்போம். நீ பூட்டிட்டா, தப்பு வந்தா யாருடா சொல்றது?"

"பூட்டிட்டா தப்பே வராது மாமா," என்றான் செல்வகுமார்.

கூடம் கைதட்டியது. ராமதாஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புதன்கிழமை முதல் பூட்டுவது என்று முடிவானது. விதிகளை எழுதிக் கொடுக்கும் பொறுப்பும் செல்வகுமாருக்கே வந்தது. அக்கா வீட்டுக்காரரைச் சபையில் மடக்கியது அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது, கொஞ்சம் இனிக்கவும் செய்தது. உறுத்தியது அக்காவை நினைத்துத்தான். அம்மா போனபோது அவனுக்குப் பதினோரு வயது. பெரிய மார்க்கெட்டில் மீன் கூடை வைத்து அவனை டிப்ளமோ வரை படிக்க வைத்தவள் கமலா. உலகத்தில் அவன் பயப்படுவதும் அவளுக்குத்தான், அவன் சொன்னால் யோசிக்காமல் நம்புகிற ஒரே ஆளும் அவள்தான்.

திங்கட்கிழமை விடியற்காலையில் கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்த ராமதாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போட்டுக்குள்ளேயே சாய்ந்தார்.

கரைக்குக் கொண்டுவந்து, ஆட்டோ பிடித்து, டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செல்வகுமார் கடையைப் போட்டது போட்டபடி ஓடினான். டாக்டரிடம் பேசியது, படிவங்களில் கையெழுத்துப் போட்டது, மருந்து வாங்க ஓடியது எல்லாம் அவன்தான். நாளங்களில் இரண்டு இடத்தில் அடைப்பு, நாற்பத்தெட்டு மணி நேரம் போனால்தான் சொல்ல முடியும் என்றார்கள். ஐசியு வாசலில் கமலா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, உண்மையைச் சொல்லுடா என்று கேட்டாள். மாமாவுக்கு ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொன்னான். அவள் அதைக் கேட்ட பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

அன்று சாயங்காலம் அரைகுறையாக நின்ற ஒரு கல்யாண பேனரை முடிக்கக் கடைக்கு வந்தான். அதை முடித்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. போனில் ராமதாஸின் படம் ஒன்றைத் தேடினான், எடுத்தான், மாலை போட்டான். மனசு வேண்டாம் என்று சொன்னதா என்றால், சொல்லியிருக்கும். கை கேட்கவில்லை. வேறு யாரோ ஒருவருக்குச் செய்வது போலத்தான் செய்தான். மனைவி கமலா, மகள் இனியா, மைத்துனர் செல்வகுமார் என்று கீழே பெயர் வரிசையும் போட்டான். பிறந்த தேதி தெரியும், போட்டான். மற்றது காலி.

செவ்வாய்க்கிழமை ராமதாஸ் கண் திறந்தார். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு டாக்டர் செல்வகுமாரைக் கூப்பிட்டு, கண்டம் தாண்டிவிட்டார் என்றே சொன்னார். கண்ணாடி வழியே பார்த்தான். மாமா கையை லேசாக ஆட்டினார். கமலாவிடம் ஓடிவந்து சொன்னான். நீ வீட்டுக்குப் போய் எனக்கு மாற்றுப் புடவையும் அவருடைய வேட்டியும் எடுத்துவா என்று அவள் சாவியைக் கொடுத்தாள். போகிற வழியில் கடையைத் திறந்து, அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் இரண்டு ஆர்டரைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று மூலக்குளம் வந்தான்.

குழுவை முந்தின நாளே பூட்டியிருந்தான். விதிகளை நீலப் பின்னணியில் அழகாக வடிவமைத்துக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தான். அவன் கடையில் எல்லாக் கோப்புக்கும் பைனல் ஒன்று, பைனல் இரண்டு, பைனல் மூன்று என்றுதான் பெயர். கல்லாவுக்கு முன்னால் இரண்டு பேர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எட்டேகாலுக்கு, கோப்பை இழுத்துக் குழுவில் போட்டு, கீழே ஒரு வரியும் எழுதி அனுப்பிவிட்டுத் திரையை மூடினான். குழுவை ஏன் பூட்டினாய் என்று நேற்றிலிருந்து ஆளாளுக்குக் கூப்பிட்டுத் தொல்லை செய்ததால் போன் சத்தத்தையும் அணைத்திருந்தான்.

அரைமணி நேரம் கழித்து ஒருமுறை குழுவின் ஞாபகம் வந்தது. இதுவே முன்னாடி என்றால் இந்நேரம் ஐம்பது பதில், ஐந்து சண்டை. இப்போது ஒரு சத்தமில்லை. எவ்வளவு நிம்மதி என்று நினைத்துக்கொண்டே டீ குடித்தான்.

ஒன்பதரைக்கு நோணாங்குப்பம் பாலத்தில் வண்டி ஏறியது. படகுத் துறையில் சுற்றுலாக்காரர்கள் வழக்கம்போல வரிசையில் நின்றார்கள். பாலம் இறங்கிக் குப்பத்துக்குள் திரும்பியதும் அவனுக்கு என்னவோ போல இருந்தது. கரையில் எல்லாப் போட்டுகளும் ஏறிக் கிடந்தன. வழக்கமாகப் பத்தரைக்கு மேல்தான் ஒவ்வொன்றாகக் கரை சேரும். இன்று மொத்தமும் ஒரே நேரத்தில் வந்திருந்தது. பாதிப் போட்டில் வலை நனையவே இல்லை. மீன் பிடித்து வந்த போட்டுகளிலும் மீன் அப்படியே வெயிலில் கிடந்தது, ஏலம் விட ஆளில்லை. ஐஸ் வண்டி வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

குப்பத்தில் பிறந்தவனுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஊரில் ஒரு சாவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் யாரும் தொழில் செய்யக்கூடாது. கடலில் இருந்தாலும் தகவல் கிடைத்ததும் திரும்பிவிட வேண்டும். யாரோ போய்விட்டார்கள். இடுப்பு முறிந்து கிடந்த அஞ்சலாட்சியாக இருக்குமோ என்று நினைத்தான். பாவம் என்றிருந்தது. அவளுக்குப் படம் செய்து வைக்காமல் விட்டுவிட்டோமே என்றும் ஒரு கணம் நினைத்தான்.

அக்கா வீட்டுத் தெருவுக்குள் திரும்பினான். தெருவை அடைத்துக்கொண்டு மினி லாரி நின்றது. அதிலிருந்து முருகையன் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர்தான் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர். இரண்டு பேர் சாமியானாவுக்குக் கம்பம் ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

வண்டியை நிறுத்தி, குரலைத் தணித்து, "யாருண்ணே?" என்று கேட்டான்.

முருகையன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாடா செல்வா, பித்துப் பிடிச்சிடுச்சா உனக்கு," என்றார். "நீதானே காலைல போட்ட. உங்க மாமா போயிட்டாருன்னு."

நான் விதிகளைத்தானே போட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். போனை எடுத்தான். அறுபத்தோரு அழைப்புகள் தவறியிருந்தன. குழுவைத் திறந்தான். மாலைக்கு நடுவில் ராமதாஸ் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் புறா. மறைவு என்ற சொல்லுக்கு எதிரே ஒன்றுமே இல்லை, அதை நானூறு பேரில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனிக்கத் தேவையும் இருக்கவில்லை. படத்துக்குக் கீழே அவனே எழுதியிருந்தான்: இன்று முதல் அமலுக்கு வருகிறது. அனைவரும் தவறாமல் பார்க்கவும்.

வண்டியிலேயே சாய்ந்தான். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கீழே என்னய்யா இது என்று கேட்டிருந்தால் போதும். இரண்டு நிமிஷத்தில் அடங்கியிருக்கும். கேட்க வழியில்லாமல் அவன்தான் பூட்டி வைத்திருந்தான். அட்மின் போட்டால் விசாரித்துத்தான் போடுவான் என்று கூட்டத்தில் சொன்னவனும் அவன்தான். ஊர் அவன் பேச்சை நம்பிக் கடலிலிருந்து திரும்பி வந்திருந்தது.

படத்தை அழித்தான். இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி இப்போது நானூறு போனிலும் இருக்கும். திண்டாட்டத்தோடு, "தப்பா வந்துடுச்சுண்ணே. மாமா உயிரோடதான் இருக்காரு," என்றான்.

சுற்றிக் கூட்டம் சேர்ந்திருந்தது. யாரும் சந்தோஷப்படவில்லை. எதை நம்புவது என்று தெரியாமல் அவன் முகத்தையே பார்த்தார்கள். நீ பார்த்தாயா என்று முருகையன் கேட்டார். ஏழு மணிக்குப் பார்த்தேன் என்றான். அதற்கப்புறம் என்று கேட்டார். தவறிய அழைப்புகளை மறுபடியும் பார்த்தான். அதில் ஒன்பது, அக்காவுடையது. எதற்கு ஒன்பது தடவை கூப்பிட்டாள்? திருப்பிக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"அது இருக்கட்டும்," என்றார் முருகையன். "உயிரோட இருக்கற ஆளுக்கு எதுக்குடா படம் செஞ்ச?"

கடையில் எல்லோருக்கும் அப்படித்தான், முன்கூட்டியே செய்து வைத்துவிடுவது வழக்கம், அவசரத்துக்கு உதவும் என்று இழுத்தான். சொல்லச் சொல்லத்தான் அது எப்படிக் கேட்கிறது என்று அவனுக்கே தெரிந்தது. முருகையனின் அப்பா போன வருஷம் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துதான் போனார். அந்தப் பத்து நாளும் செல்வகுமார் தினம் போய் விசாரித்துவிட்டு வந்தான்.

"எங்கப்பாவுக்கும் இப்பிடித்தானா?" என்று கேட்டார் முருகையன்.

செல்வகுமார் அக்காவின் எண்ணை மறுபடியும் அழுத்தினான். முருகையன் அவன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, லாரிக்காரனிடம் நாற்காலிகளைத் திரும்ப ஏற்றச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. வழியெல்லாம், மாமா உயிரோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தான். இரண்டாவது மாடிப் படி ஏறியதும் அக்கா தெரிந்தாள். ஐசியு கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கண்ணாடி வளையல்களைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் முடிந்துவிட்டது என்றே நினைத்தான்.

"இட்லி சாப்பிடறாரு," என்றாள் கமலா.

அவள் குரலில் ஏற்றம் இறக்கம் ஒன்றுமில்லை. நடந்ததைத் தானாகவே சொன்னாள். எட்டரைக்கு ராமதாஸின் போனில் ஒரே அழைப்பாக வந்ததாம். எடுத்தால் எதிர்முனையில் அழுகிறார்களாம். எதற்கு என்று பார்க்கக் குழுவைத் திறந்தாளாம். கதவைத் தட்டியிருக்கிறாள், பதினொரு மணிக்குத்தான் விடுவோம், சத்தம் போடாதே என்று காவலாளி உட்கார வைத்துவிட்டான். தம்பியைக் கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு நர்ஸ் வெளியே வந்து, இந்த அம்மா ஏன் வளையலைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று கேட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது.

"டாக்டரு உன்கிட்டதான் பேசுவாரு," என்றாள். "உன்கிட்ட சொல்லியிருப்பாங்க, என் மொகத்தப் பாத்துச் சொல்ல முடியாம நீ புடவை எடுக்கற சாக்குல போயிட்டன்னு நெனச்சேன். ஊரே சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்டா. நீ போட்டதாலதான் பொட்ட அழிச்சேன்."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, கோப்பு மாறிவிட்டது, அவசரத்தில் கவனிக்கவில்லை என்று அழுதான். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். தலையைத் தடவுவாள் என்று எதிர்பார்த்தான். கேவலம்தான், ஆனாலும் எதிர்பார்த்தான்.

"மாறினது இருக்கட்டும். எப்ப செஞ்ச?"

திங்கட்கிழமை சாயங்காலம் என்றான். பொய் சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை.

"ஒண்ணும் ஆகாதுன்னு என்கிட்ட சொன்னியே, அன்னிக்கா?" என்றாள் கமலா. "அந்தப் போட்டோவுல அவரு பக்கத்துல நானும் நின்னேன். என்னை வெட்டி எடுத்துட்டு, கீழ என் பேரப் போட்டிருக்க."

பிறகு எழுந்தாள். கூப்பிடுகிறவர்களுக்கு ஒவ்வொருத்தராகப் பதில் சொல்லித் தீராது, குழுவைத் திறந்து விடு என்றாள். நானே போடுகிறேன் அக்கா, நீ சொல்லு, எழுதுகிறேன் என்றான். நீ எழுதினது போதும் என்றாள். அமைப்புகளுக்குள் போய், எல்லோரும் எழுதலாம் என்று மாற்றினான். கமலாவுக்குத் தமிழில் தட்டத் தெரியாது. ராமதாஸின் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மார்க்கெட்டில் கூப்பிடுகிற அதே குரலில் பேசினாள்.

"நான் ராமதாஸ் பொண்டாட்டி கமலா பேசறேன். எங்க வீட்டுக்காரரு உயிரோட இருக்காரு, நல்லா இருக்காரு. நாளைக்குத் தொழிலுக்குப் போங்க. அந்தப் படத்த எங்க வீட்டுல யாரும் செய்யச் சொல்லல. என் தம்பி தானா செஞ்சான். அவரு மூச்சு இருக்கும்போதே செஞ்சான்."

செல்வகுமாரின் போனில் அது வந்து விழுந்தது. ராமதாஸ் மாமா என்ற பெயரில், பத்தொன்பது நொடி. அட்மினுக்கு யார் போட்டதையும் எல்லோருடைய போனிலிருந்தும் எடுத்துவிட முடியும். ஐந்து வருஷமாக அவன் கட்டைவிரல் அதைச் செய்து பழகியிருந்தது. அவன் நினைக்கக்கூட இல்லை. விரல் அக்காவின் குரலின் மேல் அழுந்தி நின்றது, எல்லோருக்கும் அழிக்கவா என்று போன் கேட்டது.

தலையை நிமிர்த்தினான். கமலா அவன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இது நான் இல்லை அக்கா, விரல்தான் என்று சொல்ல முடியுமா? திங்கட்கிழமையும் கைதான் செய்தது.

"அழிச்சுக்கோ," என்றாள் கமலா. "எனக்கு வாய் இருக்குது. மறுபடியும் சொல்லுவேன்."

மடியில் கிடந்த வளையல்களைப் பொறுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனாள். காவலாளி இந்தமுறை தடுக்கவில்லை. செல்வகுமார் வேண்டாம் என்பதை அழுத்தினான். அதற்குள் குழுவில் முருகையன் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறார் என்று மேலே தெரிந்தது. அவன் அங்கேயே நின்று அதற்காகக் காத்திருந்தான்.